முக்கோணவியல் பின்னங்கள்: இரண்டாம் வகைக்கெழுவுக்கு அப்பால்

சைன் அ / (1 + காஸ் அ). இதன் மூன்றாம் வகைக்கெழுவைக் கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் யோசிக்காமல் வகுத்தல் விதியை எடுப்பார்கள். முதல் முறை வகையிட்டதும் பகுதியில் (1 + காஸ் அ)² வரும். அதை அப்படியே விட்டு மறுபடி அதே விதியைப் போட்டால் நான்காம் அடுக்கு, இன்னொரு முறை போட்டால் எட்டாம் அடுக்கு. தொகுதியோ ஒவ்வொரு முறையும் கிளை விட்டுக்கொண்டே போகும். பக்கம் நிறைந்திருக்கும், எங்கோ ஒரு கழித்தல் குறி விழுந்திருக்கும், அது எந்த வரியில் என்று கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் ஆகும்.

வகுத்தல் விதியில் பிழை ஒன்றும் இல்லை. ஒரு முறை வகையிட அது நல்ல கருவி. மூன்று, நான்கு, ஐந்து முறை வகையிட ஏற்ற கருவி அல்ல. இந்த அத்தியாயத்தில் அந்த விதியை முடிந்தவரை தொடாமல் வேலையை முடிக்கப் பார்ப்போம்.

குறியீட்டைச் சொல்லிவிடுகிறேன். கோணம் அ, ரேடியனில். சார்பு ய. அடுத்தடுத்த வகைக்கெழுக்கள் ய₁, ய₂, ய₃. டேன் அ என்பதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் அதற்கு ட என்று ஒரே எழுத்து. செக் அ என்பதற்கு ச.

முதலில் அந்தக் கணக்கையே முடிப்போம். பாதிக் கோண முற்றொருமைப்படி சைன் அ / (1 + காஸ் அ) என்பது டேன் (அ/2)தான். அதை உ என்று வையுங்கள். உ-வின் வகைக்கெழு ½(1 + உ²). இனி எல்லாம் பல்லுறுப்புக் கோவைதான்:

ய₁ = ½(1 + உ²)
ய₂ = ½(உ + உ³)
ய₃ = ¼(1 + 4உ² + 3உ⁴)

மூன்று வரிகள் போதும். விடையைக் காஸில் கேட்டால், 1 + உ² = 2/(1 + காஸ் அ) என்பதைப் பயன்படுத்தி மாற்றுங்கள்; ய₃ = (2 − காஸ் அ)/(1 + காஸ் அ)² என்று வரும். வகுத்தல் விதி வழியாகவும் இதே விடைக்கு வரலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் சைன்² + காஸ்² = 1 என்பதைக் கண்டுபிடித்துச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும். முதல் படியிலேயே அது கண்ணில் பட்டால் ய₁ = 1/(1 + காஸ் அ) என்று எளிதாகிவிடும். பெரும்பாலோருக்குப் படுவதில்லை, அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறார்கள்.

இங்கே அடிக்கடி விழும் குழி அந்த ½. சங்கிலி விதியால் ஒவ்வொரு முறை வகையிடும்போதும் ஒரு ½ வெளியே வரும். மூன்று முறைக்கு மூன்று ½, அதாவது 1/8 (மேலே ய₃-இல் ¼ தெரிவது, கோவையில் பொதுவாக இருந்த 2 அடிபட்டதால்). இரண்டாவது, மூன்றாவது முறையில் அதை மறப்பவர்கள் ஏராளம்.

பின்னம் உண்மையிலேயே பின்னமா?

பேனாவை எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பாடநூல்களில் வரும் முக்கோணவியல் பின்னங்களில் பல வேடம் போட்டவை. சைன் 3அ / சைன் அ என்று ஒன்று வரும். பத்தாம் வகைக்கெழு வேண்டும் என்று கேட்டுப் பயமுறுத்துவார்கள். உள்ளே பார்த்தால் அது 1 + 2 காஸ் 2அ. காஸ் 2அ-வை எத்தனை முறை வகையிட்டாலும் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் 2 ஒன்று பெருகும், கோணம் பை/2 நகரும். அவ்வளவுதான். பத்து முறைக்கு 2¹⁰ = 1024, கோணம் 5 பை நகர்ந்து குறி மாறும். விடை −2048 காஸ் 2அ. பத்தாம் வகைக்கெழுவை ஒரே வரியில் எழுதியாயிற்று.

(1 − சைன்⁴ அ)/காஸ்² அ என்பதும் அப்படித்தான். மேலே இருப்பது (1 − சைன்²)(1 + சைன்²). முதல் காரணி காஸ்². அடித்துவிட்டால் 1 + சைன்² அ மிஞ்சும். அதை 3/2 − ½ காஸ் 2அ என்று எழுதுங்கள். அடுக்கை அடுக்காகவே விட்டு வகையிடாதீர்கள்; சைன்², காஸ்³ போன்றவற்றை இரட்டை, மும்மடங்குக் கோணங்களாக மாற்றிவிட்டால் உயர்வரிசை வகைக்கெழு சும்மா வரும்.

(சைன் அ − காஸ் அ)/(சைன் அ + காஸ் அ) கொஞ்சம் தந்திரமானது. மேலும் கீழும் காஸ் அ-வால் வகுத்தால் (ட − 1)/(ட + 1). இது டேன் (அ − பை/4)-இன் விரிவு. கோணம் நகர்ந்ததால் வகைக்கெழுவில் கூடுதலாக எதுவும் வராது. ஆகவே டேனின் வகைக்கெழுக்கள் தெரிந்தால் இதுவும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சுருக்கும்போது சார்பின் வரையறைக் களம் மாறிவிடுகிறது. சைன் 3அ / சைன் அ என்பது அ = 0-இல் வரையறுக்கப்படவில்லை; 1 + 2 காஸ் 2அ அங்கே 3. எல்லை மதிப்பாக எடுத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. ஆனால் விடைத்தாளில் "சைன் அ ≠ 0" என்று ஒரு சொல் எழுதிவிடுங்கள். திருத்துபவர் அதைத் தேடுவார்.

டேன்: எல்லாவற்றுக்கும் தாய்

சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் நிற்பவை பெரும்பாலும் டேன், செக், காட், கொசெக் ஆகிய நான்கில் ஒன்று. இவற்றுள் டேனை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும்.

ட-வின் வகைக்கெழு செக்² அ என்று எல்லோருக்கும் தெரியும். அதை செக்காக வைத்திருக்காமல் 1 + ட² என்று எழுதுவதுதான் இந்த அத்தியாயத்தின் சூட்சுமம். செக்காக வைத்தால் அடுத்த முறை செக்கும் டேனும் கலந்து வரும். அதற்கடுத்த முறை இன்னும் கலக்கும். 1 + ட² என்று வைத்தால் ட-வைத் தவிர வேறு எதுவும் உள்ளே நுழையவே முடியாது. ஒரே எழுத்தில் ஒரு பல்லுறுப்புக் கோவை. விதியும் ஒன்றே: கையில் இருக்கும் கோவையை ட-வைப் பொறுத்து வகையிடு, பிறகு (1 + ட²)-ஆல் பெருக்கு.

ய₁ = 1 + ட²
ய₂ = 2ட + 2ட³
ய₃ = 2 + 8ட² + 6ட⁴
ய₄ = 16ட + 40ட³ + 24ட⁵
ய₅ = 16 + 136ட² + 240ட⁴ + 120ட⁶
ய₆ = 272ட + 1232ட³ + 1680ட⁵ + 720ட⁷

ஒரு வரியை மட்டும் செய்து காட்டுகிறேன். ய₄-ஐ ட-வைப் பொறுத்து வகையிட்டால் 16 + 120ட² + 120ட⁴. இதை 1-ஆல் பெருக்கி ஒரு வரி, ட²-ஆல் பெருக்கி அதன் கீழே ஒரு வரி. இரண்டையும் கூட்டினால் ய₅. நம் ஊர் நீள் பெருக்கல் போலவே இடம் தள்ளிக் கூட்டுவதுதான். ட-வைக்கூட எழுத வேண்டாம், கெழுக்களை மட்டும் எழுதினால் போதும். எண்ணை எண்ணின் கீழ் சரியாக எழுதுங்கள். பிழைகளில் பாதி, நிரை சாய்வதால் வருபவை.

இந்தக் கோவைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்று விட்டு ஒன்று ட-வின் அடுக்குகள் ஒற்றையும் இரட்டையுமாக மாறுகின்றன. காரணம் டேன் ஒற்றைச் சார்பு. அதன் முதல் வகைக்கெழு இரட்டைச் சார்பு, அடுத்தது மறுபடி ஒற்றை. கடைசிக் கெழு 1, 2, 6, 24, 120, 720: தொடர் பெருக்கங்கள். ஒற்றை வரிசை வகைக்கெழுக்களில் முதலில் நிற்கும் எண்கள் 1, 2, 16, 272; இவைதான் அ = 0-இல் வகைக்கெழுவின் மதிப்புகள். 3!, 5!, 7! ஆகியவற்றால் வகுத்துக்கொண்டே போனால் டேனின் தொடர் வந்துவிடும்: அ + அ³/3 + 2அ⁵/15 + 17அ⁷/315 என்று.

காட்டுக்குத் தனியாக உழைக்க வேண்டாம். காட் அ = டேன் (பை/2 − அ). அதே கோவைகள், ட-வின் இடத்தில் காட். ஒற்றை வரிசையில் கழித்தல் குறி, இரட்டை வரிசையில் கூட்டல் குறி.

செக்குக்குச் சிறு மாற்றம். ச-வின் வகைக்கெழு ச × ட. எனவே எல்லா வகைக்கெழுக்களிலும் ச ஒரே ஒரு முறை பொதுக் காரணியாக வெளியே நிற்கும், உள்ளே ட-வின் கோவை. உள்ளே இருப்பதை ட-ஆல் பெருக்கியதையும், அதன் வகைக்கெழுவை (1 + ட²)-ஆல் பெருக்கியதையும் கூட்டினால் அடுத்தது:

ய₁ = ச × ட
ய₂ = ச (1 + 2ட²)
ய₃ = ச (5ட + 6ட³)
ய₄ = ச (5 + 28ட² + 24ட⁴)

சிலர் ட² = ச² − 1 என்று மாற்றி, ய₄ = 24ச⁵ − 20ச³ + ச என்று செக்கில் மட்டும் எழுதுவார்கள். விடைக்கு அது அழகு. ஆனால் வேலை நடக்கும்போது அப்படி மாற்றாதீர்கள். கடைசியில் ஒரு முறை மாற்றினால் போதும்.

கிரிகரியின் ஒரு பிழை

ஜேம்ஸ் கிரிகரி ஸ்காட்லாந்துக்காரர். 1638-இல் பிறந்து 1675-இல், 37 வயதுகூட நிரம்பாமல் மறைந்தவர். நேர்மாறு டேனுக்கான தொடரைச் சொல்லும்போது கேரளத்து மாதவரின் பெயரோடு இவர் பெயரும் வரும்; மாதவர் இவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முந்தியவர். 1671 பிப்ரவரியில் கிரிகரி, லண்டனில் இருந்த ஜான் காலின்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் டேன், செக் உள்ளிட்ட பல சார்புகளின் தொடர்கள் இருந்தன. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அவர் சொல்லவில்லை.

விடை 20-ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. எடின்பரோ புத்தக வியாபாரி கிடியன் ஷா, 1671 ஜனவரி 29-ஆம் தேதியிட்டு கிரிகரிக்கு எழுதிய கடிதம் ஒன்று பாதுகாக்கப்பட்டிருந்தது. காகிதத்தை வீணாக்காத கிரிகரி, அதில் காலியாக இருந்த இடத்தில் கணக்குப் போட்டிருந்தார். அதைப் படித்தறிந்தவர் கணிதவியலர் ஹெர்பர்ட் டர்ன்புல். 1939-இல் வந்த கிரிகரி நினைவு மலரில் அது வெளியானது. அங்கே இருந்தது நாம் மேலே எழுதிய பட்டியலேதான். டேனை மறுபடி மறுபடி வகையிட்டு, ஒவ்வொன்றையும் டேனின் கோவையாகவே வைத்திருக்கிறார். டெய்லர் தன் தொடரை அச்சிட்டது 1715-இல். கிரிகரி அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வழியில் நடந்திருக்கிறார்.

ஆனால் ஒரு எண் தப்பு. நம் ய₆-இல் 1232 இருக்கும் இடத்தில் அவர் 987 என்று எழுதிவிட்டார். அடுத்த வரியில் ட²-இன் கெழு 3 × 1232 + 272 = 3968 என்று வர வேண்டும்; அவருக்கு 3 × 987 + 272 = 3233 வந்தது. காலின்ஸுக்குப் போன தொடரில் அ⁹-இன் கெழு 3233/181440 என்றே இருக்கிறது. சரியானது 3968/181440, அதாவது 62/2835. பிழை அப்படியே கடிதத்துக்குள் பயணம் செய்திருப்பதால்தான், தொடர் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஒரு தவறான எண் சாட்சி சொல்ல வந்தது கணித வரலாற்றில் அபூர்வம்.

கிரிகரியே சறுக்கிய இடத்தில் நாம் சறுக்காமல் இருக்க இரண்டு சோதனைகள் உண்டு. முதல் சோதனைக்குப் பத்து வினாடி போதும். எந்த வரியும் (1 + ட²)-ஆல் பெருக்கி வந்ததுதானே? எனவே ட² = −1 என்று போட்டால் பூஜ்யம் வந்தாக வேண்டும். செயலில் சொன்னால், கெழுக்களைக் கூட்டல், கழித்தல் என்று மாற்றி மாற்றிக் குறியிட்டுச் சேர்த்தால் பூஜ்யம். ய₆: 272 − 1232 + 1680 − 720 = 0. கிரிகரியின் 987-ஐப் போட்டால் 245 மிஞ்சும்; பிழை உடனே பிடிபட்டிருக்கும். செக்கின் கோவைகளுக்கு இது பொருந்தாது, அங்கே எல்லாமே (1 + ட²)-ஆல் பெருக்கியவை அல்ல. டேனுக்கும் காட்டுக்கும் மட்டும்.

இரண்டாவது சோதனை கெழுக்களின் கூட்டுத்தொகை, அதாவது அ = பை/4-இல் வகைக்கெழுவின் மதிப்பு. மேலிருந்து கீழே கூட்டிப் பாருங்கள்: 2, 4, 16, 80, 512, 3904. ஒவ்வொன்றையும் முறையே 2, 4, 8, 16, 32, 64-ஆல் வகுத்தால் 1, 1, 2, 5, 16, 61 வரும். ஐந்து என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1, 2, 3, 4 என்ற எண்களை ஏற்றம், இறக்கம், ஏற்றம் என்று மேடு பள்ளமாக அடுக்க எத்தனை வழி என்று எண்ணிப் பாருங்கள்: 1324, 1423, 2314, 2413, 3412. ஐந்து. ஐந்து எண்களுக்கு 16, ஆறு எண்களுக்கு 61. இந்த உறவை 1879-இல் நிறுவியவர் பிரெஞ்சுக் கணிதவியலர் தெசிரே ஆந்த்ரே. வகையிடலுக்கும் அடுக்கி எண்ணுவதற்கும் இப்படி ஒரு கள்ளத் தொடர்பு இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். தேர்வுக்கு இது வேண்டாம், சோதனைக்கு அந்த ஆறு எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருங்க மறுக்கும் பின்னங்கள்

எல்லாப் பின்னமும் டேனாகிவிடாது. சைன் அ / அ என்பதில் மேலே முக்கோணவியல், கீழே வெறும் கோணம்; எந்த முற்றொருமையும் உதவாது. இங்கே வழி, பின்னத்தை எடுத்துவிட்டு பெருக்கலாக எழுதுவது:

அ × ய = சைன் அ

இரண்டு பக்கமும் ந முறை வகையிடுங்கள். பெருக்கலை ந முறை வகையிடுவதற்கு லைப்னிட்ஸ் தேற்றம் இருக்கிறது. ஈருறுப்பு விரிவில் வரும் அதே கெழுக்கள்தான் இதிலும். அடுக்குக்குப் பதில் வகைக்கெழுவின் வரிசை. அ-வை இரண்டு முறை வகையிட்டாலே பூஜ்யம் என்பதால் இரண்டு உறுப்புகள்தான் தப்பிப் பிழைக்கும்:

அ × யₙ + ந × யₙ₋₁ = சைன் (அ + ந பை/2)

முந்தைய வகைக்கெழு தெரிந்தால் அடுத்தது இந்தச் சமன்பாட்டிலிருந்து நேராகக் கிடைக்கும். அ = 0-இல் (அங்கே ய = 1 என்று எல்லை மதிப்பை வைத்துக்கொண்டால்) இன்னும் எளிது. முதல் உறுப்பு மறைந்துவிடும். ந = 5 என்று போட்டால் 5 × ய₄ = சைன் (5 பை/2) = 1; ஆகவே நான்காம் வகைக்கெழு 1/5. ந = 7 என்றால் ஆறாம் வகைக்கெழு −1/7. ஒற்றை வரிசையில் எல்லாம் பூஜ்யம்.

இதே வழியில் இன்னொரு பின்னத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அதற்குள் ஒரு பழைய செய்தி ஒளிந்திருக்கிறது: ய = சைன் அ / (2 + காஸ் அ). கீழே 1 இருந்திருந்தால் பாதிக் கோணம் உடனே காப்பாற்றியிருக்கும். 2 இருப்பதால் இல்லை. பெருக்கலாக எழுதுங்கள்:

ய × (2 + காஸ் அ) = சைன் அ

அ = 0-இல் (2 + காஸ் அ)-வின் மதிப்பும் அடுத்தடுத்த வகைக்கெழுக்களும் 3, 0, −1, 0, 1 என்று வரும். ய ஒற்றைச் சார்பு, எனவே ஒற்றை வரிசை மட்டும் போதும். ஒரு முறை வகையிட்டால் 3ய₁ = 1; ய₁ = 1/3. மூன்று முறை வகையிட்டால் 3ய₃ − 3ய₁ = −1; ய₃ = 0. ஐந்து முறை வகையிட்டால் 3ய₅ − 10ய₃ + 5ய₁ = 1; ய₅ = −2/9.

மூன்றாம் வகைக்கெழு பூஜ்யம் என்பதைத் தற்செயல் என்று கடந்துவிடாதீர்கள். அதனால், 3 சைன் அ / (2 + காஸ் அ)-வை அ-விலிருந்து கழித்தால் மிஞ்சுவது அ⁵/180 அளவே. சிறு கோணங்களுக்கு இந்தப் பின்னம் கோணத்தையே கொடுத்துவிடுகிறது. 30° எடுத்துக்கொள்வோம். 1.5-ஐ 2.8660-ஆல் வகுத்தால் 0.52337, உண்மையான ரேடியன் மதிப்பு 0.52360. ஆறால் பெருக்கினால் பைக்கு 3.1402 கிடைக்கும். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கூசா நிக்கோலஸ் என்ற ஜெர்மானியக் கர்தினால் இந்த உறவைக் கண்டிருந்தார். 1654-இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் அதற்கு முறையான நிரூபணம் தந்தார். அப்போது இருவருக்கும் வகையிடல் தெரியாது. வடிவியலை வைத்தே அந்தப் பின்னத்தைப் பிடித்தார்கள். அது ஏன் அவ்வளவு துல்லியம் என்பதற்கு நமக்கு 3ய₃ − 3ய₁ = −1 என்ற ஒரு வரி போதுமாக இருக்கிறது.

பயிற்சிக்கு மூன்று. காஸ் அ / (1 + சைன் அ)-வின் மூன்றாம் வகைக்கெழு, அ = 0-இல்; விடை −2. இது டேன் (பை/4 − அ/2) என்று கண்டுகொண்டால் மேலே உள்ள ய₃-இன் கூட்டுத்தொகை 16-ஐயும் −1/8-ஐயும் பெருக்கினால் முடிந்தது. அடுத்து, சைன் 5அ / சைன் அ-வின் நான்காம் வகைக்கெழு, அதே புள்ளியில் எல்லை மதிப்பாக, விடை 544. கடைசியாக, செக்கின் ஆறாம் வகைக்கெழு, அ = 0-இல். மேலே ய₄ வரை போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வரி நீங்கள் போட வேண்டும். விடை 61. மேடு பள்ளமாக அடுக்கிய அந்த ஆறு எண்களின் 61-ஏதான்.